டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை

என் கொழுந்தனுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம். அது மூட்டை விட்டு இறங்கி இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னதை என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீர் ஆகாது. சீசன் வந்தால் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து ஜனம் குற்றாலத்துக்கு வரும். தென்காசியில் பிறந்து வளர்ந்த இவன் அருவிக்கு எதிரே சட்டையைக் கழற்றாமல் நின்று எங்கள் துணிமணிகளுக்குக் காவல் இருப்பான்.

"தென்காசில பொறந்துட்டு அருவில தலையக் கொடுக்காத ஆளு நீ ஒருத்தன்தாம்லே" என்று நான் கேலி செய்வேன். "ஒங்க நகையையும் சேலையையும் யாரு மதினி பாத்துக்கிடுவா? எல்லாரும் குளிக்கப் போயிட்டா களவாணிப் பயலுக்குக் கொண்டாட்டம்லா" என்பான். இருபத்தைந்து வயதுக்காரன் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வான்.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் எங்கள் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல், செங்கோட்டை மர அறுவை மில்லுக்கு ஸ்டாக், குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு பில் என்று வெளிவேலை எடுத்துச் செய்வது அவருடைய திட்டம். ஊரில் அப்போது அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களே குறைவு. வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று பார்ப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்; என் வீட்டுக்காரருக்கோ பெருமை தாங்காது.

கொழுந்தன் அதில் வேறு ஒரு வேலையைத் தொடங்கினான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் எழுத்துகள் பல் உடைந்த சீப்பு மாதிரி வரும். "இதயெல்லாம் தமிழ்னு சொல்லிக்கிட்டு அலையுதாங்க" என்று அவனுக்கு எரிச்சல். தானே எழுத்து வரைய உட்கார்ந்துவிட்டான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள்; எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். 'ழ'வுக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் போனது. வரைந்ததை பிரிண்டரில் அடித்து, சுவரில் ஒட்டி, அறையின் அந்தக் கோடியில் நின்று பார்ப்பான். பிடிக்காவிட்டால் முதலிலிருந்து வரைவான்.

"மதினி, இந்த 'ள'வுக்கு வால் நீளமோ?"

"வெங்காயம் உரிச்ச கையோட வந்து நிக்கேன், என்ட்ட வாலைப் பத்திக் கேக்கியே."

"ஒங்களுக்குத்தான் கண்ணு நல்லா இருக்கு. அண்ணனுக்கு எல்லா 'ள'வும் ஒண்ணுதான்."

சீசன் முடிந்ததும் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. தட்டிக்கழித்துத் தட்டிக்கழித்து இனி முடியாது என்ற நிலை. ஆபரேஷனைப் பற்றி அவன் அதிகம் பேசமாட்டான். "போறதுக்கு முன்னால எல்லா எழுத்தையும் முடிச்சிரணும் மதினி. முழுசா ஒரு பக்கம் என் எழுத்துல அடிச்சுப் பாத்துட்டா போதும்" என்று மட்டும் சொல்லுவான். அவனுக்குக் கல்யாணம் பேச யாரும் வரவில்லை, வேலைக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அந்த ஒரு பக்கம்தான் அவன் ஆசைப்பட்டுக் கேட்டது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனி மாதத்துக்குள் எழுத்துகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. இப்போது இன்னொரு தொந்தரவு. புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்தை பிரிண்டருக்கு அனுப்பப் பழைய மெஷினுக்குச் சீவன் போதவில்லை. நாலு வரி அடிப்பதற்குள் நான் குழம்பைக் கூட்டி இறக்கிவிடுவேன். மில்லுக்காரரும் வேகம் பத்தவில்லை என்று முனகினார். அப்போதுதான் மதர்போர்டு என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பெரிய பலகையை மட்டும் மாற்றினால் போதும், வேகம் பல மடங்கு கூடும், பழைய டிஸ்க், பழைய கார்டுகள் எல்லாம் அப்படியே இருக்கலாம் என்று மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் சொன்னார். பழைய போர்டை அவரே மாற்றாக எடுத்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் பிஸிக்ஸ் படித்தவர். ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டமாட்டார். ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாதென்று, ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமையைப் பிடித்தார். காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது போர்டைப் போட்டு மெஷினை ஓடவிட்டுவிட வேண்டும். மாமியார் விளக்கேற்றி, தேங்காய் பழம் எடுத்து வைத்து, போர்டு இருந்த அட்டைப்பெட்டிக்கே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நல்லவேளை, போர்டுக்கு வைக்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் ஃபிளாப்பிகளில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அதிகாலையிலேயே இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். மில், பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று ஊரார் சொத்து முதலில். கடைசியில் கொழுந்தனின் எழுத்துகள். நடுவில் கரண்ட் போய்விட்டது. சாரலும் காற்றும் அடித்தால் எங்கள் தெருவில் அது வழக்கம்தான். திரும்ப வந்தபோது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. லாட்ஜ் வேலை முடியும்போது பத்து ஆகப்போகிறது.

"அண்ணே, என் எழுத்து இருக்க டைரக்டரி இன்னும் ஏறலியே" என்றான் கொழுந்தன்.

"அது எங்கலே போயிரப் போவுது? போர்டத்தான மாத்துதோம். டிஸ்க்கத் தொடக்கூட இல்ல. ராகு காலம் வந்துரும், எந்திரி."

அவன் எழுந்துவிட்டான். சொன்னதில் நியாயமும் இருந்தது. பெட்டியை மாற்றாமல் மேசையை மாற்றுகிறோம், பெட்டிக்குள் இருக்கிற சேலை எங்கே போகும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்ஜினியர் கடகடவென்று திருகுகளைக் கழற்றி மாட்டினார். ராகு காலம் பிறக்குமுன் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. மாமியார் சூடம் காட்டினார். போர்டோடு வந்த ஒரு பொத்தானையும் சின்ன விளக்கையும் இன்ஜினியர் பெட்டியின் முகப்பில் பொருத்தியிருந்தார். அதற்கு டர்போ என்று பெயர், வேகம் கூட்டுவதற்கு என்று சொல்லி, பொத்தானை அமுக்கிவைத்துவிட்டு இன்ஜினியர் மதுரை பஸ்ஸுக்கு ஓடினார். பழைய போர்டும் அவரோடு போனது.

மத்தியானம் கொழுந்தன் நாலு வரி அடித்துப் பார்த்தான். படபடவென்று வந்தது. "மதினி, ஒங்க கொழம்பு இன்னும் கொதிக்கக்கூட இல்ல, பாத்தீங்களா!" என்று அடுக்களை வரை வந்து தாளைக் காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து நகலெடுக்க உட்கார்ந்தபோது கோளாறு தொடங்கியது. டிஸ்க்கைப் படிப்பதில் பிழை என்று இங்கிலீஷில் ஒரு வரி. அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று கீழே மூன்று வழி. ரீட்ரை கொடுத்தால் சில சமயம் படிக்கும், சில சமயம் படிக்காது. சின்ன ஃபைல்கள் ஒழுங்காக வந்தன. பெரிய ஃபைல்களை நகலெடுத்தால், வந்த நகல் பாதியில் குப்பையாக இருந்தது. இன்னொரு முறை எடுத்தால் குப்பை வேறு இடத்தில் இருந்தது.

அண்ணனும் தம்பியும் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்தார்கள். டிஸ்க்குக்குப் போகும் பட்டை ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பழைய கார்டின் பித்தளைப் பற்களை என் மகளின் ரப்பரால் தேய்த்தார்கள். கார்டை வேறு பள்ளத்தில் செருகினார்கள். சாரல் ஈரமாக இருக்கும் என்று அறுபது வாட்ஸ் பல்பைப் பெட்டிக்குள் எரியவிட்டுக் காயவைத்தார்கள். பிரசவித்த வீட்டில் பிள்ளைக்கு அனல் காட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. எர்த் சரியில்லையோ என்று கொல்லையில் எர்த் குழிக்கு உப்பும் தண்ணீரும் ஊற்றினார்கள். எதற்கும் மெஷின் மசியவில்லை.

கொழுந்தன் தன்னிடம் முன்பு எடுத்துவைத்த ஃபிளாப்பிகள் இருக்கின்றன என்று தேடி எடுத்தான். அலமாரியின் சுவரோரம் இருந்திருக்கின்றன. போன சீசனின் ஈரத்தில் உள்ளே வட்டத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஊறுகாய்க்குப் பூக்கிற அதே பூசணம். நான் மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தேன், அதோடு மேல்பூச்சும் வந்துவிட்டது.

மறுநாள் என் வீட்டுக்காரர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். எதிர்முனையில் இன்ஜினியர் யோசிக்கவே இல்லை. "டிஸ்க் பழசு சார், கெட்டுப்போச்சு. ரிப்பேர் கமாண்ட் கொடுங்க. அதுவா சரி பண்ணிக்கும்" என்றார். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் தன்னிடமே ஒரு அட்டவணை வைத்திருக்குமாம். அந்தக் கட்டளை அட்டவணையைப் படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் திருத்தி எழுதும்.

"அண்ணே, கொஞ்சம் பொறு. இன்னும் ஒருக்க யோசிப்போம்" என்றான் கொழுந்தன்.

"இன்ஜினியரே சொல்லுதாருலே. நீயும் நானும் யோசிச்சு என்ன கிழிக்கப் போறோம்?"

திருத்தவா என்று மெஷின் கேட்டது. என் வீட்டுக்காரர் ஆம் என்று பதில் கொடுத்தார். திரையில் வரிகள் ஓடின. வெகுநேரம் ஓடின. ஓடி முடிந்தபோது கொழுந்தனின் எழுத்துகள் இருந்த இடத்தில் பெயரில்லாத துண்டு ஃபைல்கள் கிடந்தன. ஒன்றைத் திறந்தான். கொஞ்சம் கட்டங்கள், அதன் கீழே மரத்தடிகளின் நீள அகலம். இன்னொன்றைத் திறந்தான். 'ழ' இருந்த இடத்தில் லாட்ஜ்காரரின் வெந்நீர் பில் இருந்தது.

அவன் மெதுவாக எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. நான் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது; அவன் முன் அழக்கூடாதென்று அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்த மெஷின் பக்கமே போகவில்லை. கொழுந்தன்தான் விடாமல் உட்கார்ந்திருந்தான். டிஸ்க் கெட்டது என்றால் ஒரே இடத்தில்தானே கெட வேண்டும், ஏன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தப்பு வருகிறது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் முற்பகல், "மதினி, இங்கன வாங்க" என்று கூப்பிட்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். முகப்பிலிருந்த அந்த டர்போ பொத்தானை விடுவித்திருந்தான். விளக்கு அணைந்திருந்தது. மில்லின் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்தான். ஒரு பிழையும் இல்லை. மறுபடி எடுத்தான். இரண்டு நகலும் ஒன்றுபோல இருந்தன. பொத்தானை அமுக்கினான், உடனே பிழை வந்தது. விடுவித்தான், போய்விட்டது.

"டிஸ்க்குல ஒரு கொறையும் இல்ல மதினி. அது சரியாத்தான் கொடுக்குது. நடுவுல இருக்க பழைய கார்டு இந்தப் புது போர்டு ஓடுத ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாம பாதியத் தவற விடுது. மெதுவாப் போனா எல்லாம் சரியா வருது." சொல்லிவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "இதுவும் நானும் ஒரே கேஸு."

அப்போதுதான் எனக்கு அவன் சொன்னதன் முழு அர்த்தம் விளங்கியது. நல்லா இருந்த அட்டவணையை மெஷின் தப்பாகப் படித்து, தப்பாகப் படித்ததை வைத்துத் திருத்தி எழுதிவிட்டது. அன்றைக்கு அந்தப் பொத்தானை மட்டும் விடுவித்திருந்தால், எழுத்துகள் எல்லாம் முழுசாக அங்கேயே இருந்திருக்கும்.

"அண்ணன்ட்ட சொல்லிராதீங்க மதினி. டிஸ்க் பழசுன்னே நெனச்சுக்கிடட்டும். தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான்" என்றான்.

என் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பையை என்னிடம் நீட்டினார். சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோனார். அதன் பிறகு அதை நான் வீட்டில் பார்க்கவில்லை.

கொழுந்தன் மறுபடியும் வரைய ஆரம்பித்தான். இந்த முறை 'அ'விலிருந்து வரிசையாகப் போகவில்லை. பேப்பரை விரித்து வைத்து, எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று பார்த்து, அதை முதலில் வரைந்தான். வேகமாக வரைந்தான், ஆனாலும் பிடிக்காததை அழித்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாற்காலியில் சாய்ந்துகொள்வான். கால் வீங்க ஆரம்பித்திருந்தது. "போதும், எந்திரி. வந்து வரஞ்சுக்கிடலாம்" என்று நான் அதட்டினால், "வந்து வரைய வேண்டியதத்தான் மிச்சம் வைக்கேன்லா" என்பான். வரைந்ததை அன்றன்றே ஃபிளாப்பியில் எடுத்து, அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுப்பான். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று அவனே கண்டுபிடித்த வழி.

முழுப் பக்கம் முடியவில்லை. முக்கால் பக்கம் அடித்தான். என்ன அடிக்கலாம் என்று என்னைக் கேட்டான். எனக்கு அந்த நேரம் வாயில் வந்தது அன்றைக்கு என்ன சமையல் என்பதுதான். அதையே அடித்தான். பூசணிக்காய்க் கூட்டு, ரசம், சுட்ட அப்பளம், மாமியார் பேசியது, கரண்ட் போனது எல்லாம் அவன் எழுத்தில் வந்தது. அவ்வளவு அழகான எழுத்தில் என் அடுக்களையைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் வெள்ளையாக விட்டிருந்தான். மிச்சமிருந்தது அதிகம் வராத எழுத்துகள்தான், வடமொழி எழுத்துகளும் இன்னும் சிலதும்.

திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. வாடகைக் கார் எட்டு மணிக்கு வந்தது. ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், ஒன்பது அடிக்கட்டும் என்று மாமியார் கெஞ்சினார். "நேரம் பாத்து கிழிச்சதெல்லாம் போதும். ஏறுலே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அம்மாவிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கொழுந்தன் காருக்குள் உட்கார்ந்து, "அம்மா, செங்கோட்ட தாண்டினா மலையாளத்துக்காரன் நேரம். அங்க நம்ம ராகு செல்லாது" என்று சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்தான், அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசினான் என்றார்கள். பிறகு இரவோடு காய்ச்சல் கண்டது. அவனைக் கொண்டுபோன அதே ஆரியங்காவுப் பாதையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் மாமியார் மகனைப் பார்த்து அழவில்லை. மூத்த மகனைப் பார்த்து, "எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போனியேலே பாவி" என்று அலறினார். நேரம் பார்த்ததால் தம்பியின் எழுத்து போனது, நேரம் பார்க்காததால் தம்பியே போனான் என்று அந்த மனுஷன் தலையில் இரண்டும் விழுந்தது. இரண்டில் ஒன்றும் அவர் செய்ததில்லை என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் காதில் அது ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கெல்லாம் கார்டு அனுப்ப வேண்டும். பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரரின் சித்தப்பா. மாமியார்தான், "எம்பிள்ளைக்கு எம்பிள்ள எழுத்துலயே அடிங்க" என்றார். நான் அரிசி டப்பாவிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வெகுநாளைக்குப் பிறகு அந்த மெஷின் முன் உட்கார்ந்தார். எல்லா வரியும் வந்தது. அவன் பெயர் மட்டும் வரவில்லை. வீட்டில் நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப்பெயர் 'ஹ'வில் தொடங்கும். அந்த எழுத்தை அவன் இரண்டாம் முறை வரையவே இல்லை. ஊருக்கெல்லாம் வேண்டிய எழுத்தை முதலில் வரைந்தவன், தன் பெயருக்கு வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தான்.

என் வீட்டுக்காரர் அதை வரைய உட்கார்ந்தார். கட்டம் கட்டமாக நிரப்புவார், அடித்துப் பார்ப்பார், அழிப்பார். சுவரில் ஒட்டிவிட்டு அறையின் அந்தக் கோடியில் போய் நின்று பார்ப்பார். ஒரு பகல் முழுக்க அப்படியே போனது. கடைசியில் கார்டு வந்தபோது, பெயரின் முதல் எழுத்து மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஈர மையோடு ஒரு கார்டை என் கையில் கொடுத்து, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்க" என்றேன்.

கார்டைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியுதுட்டி" என்றார்.